தொளதொளச் சட்டை

கென்டல் பந்தைக் கையில் எடுத்து, ஸ்கோரைச் சொன்னார். கோர்ட் அடங்கியது.

அந்த அமைதியில்தான் லோவலின் சட்டைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

நீளமான சத்தம். எதிர்ப்பக்கம் நின்ற கென்டலுக்குக்கூடக் கேட்டிருக்க வேண்டும். சர்வ் போடப் பின்னால் இழுத்த மட்டை அப்படியே நின்றது. முதுகுக்குப் பின்னால், பெஞ்சில் முறைக்குக் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

லோவலின் இடது கை தானாக வயிற்றுக்குப் போனது.

ஃபுளோரிடாவில் ஓய்வுபெற்றவர்கள் மட்டுமே வாழும் அந்தக் குடியிருப்பில் டென்னிஸ் மாதிரி, ஆனால் சின்ன கோர்ட்டில் விளையாடும் பிக்கிள்பால் ஆடாதவர்கள் குறைவு. லோவலுக்கு அன்றுதான் முதல் ஆட்டம். குடிவந்து மாதக்கணக்காகியும் அவர் யாரோடும் பழகவில்லை. மனைவி கார்லின்தான் கெஞ்சியும் சண்டை போட்டும் அனுப்பிவைத்திருந்தார்.

ஷூ வாங்குவதில் சிக்கல் இருக்கவில்லை. ஓடுவதற்கான ஷூ முன்னால் போக மட்டும்தான் லாயக்கு, இந்த ஆட்டத்தில் பக்கவாட்டில் தாவவேண்டும், கணுக்கால் மடங்கிவிடும் என்று கடைக்காரர் சொல்லி, அடிப்பாகம் தட்டையாக, ஓரம் கெட்டியாக ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தார். வெள்ளையில் நீலக் கோடு. லோவலுக்கே பிடித்திருந்தது. வீட்டுக்குள் போட்டுக்கொண்டு நடந்துபார்த்தார்.

உடைதான் தகராறு. வியர்வையை உறிஞ்சும் மெல்லிய சட்டை, முழங்கால் வரை வரும் டிரவுசர் என்று கார்லின் கட்டில்மேல் பரப்பிவைத்திருந்தார். லோவல் ஒவ்வொன்றாகப் போட்டு, கண்ணாடிமுன் பக்கவாட்டில் திரும்பி நின்று பார்த்தார். ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டார்.

கடைசியில், தொடை வரை தொங்கும் கறுப்பு முழுக்கைச் சட்டை. தொப்புளுக்கு மேல் ஏற்றிக் கட்டிய தொளதொள பேன்ட். ஜூன் மாத வெயிலில்.

கார்லின் தண்ணீர் பாட்டிலை மட்டும் நிரப்பிக் கொடுத்தார்.

கோர்ட்டின் கம்பிக்கதவைத் திறந்ததுமே வெர்னா பெயரைக் கேட்டுவிட்டுப் பிடித்துக்கொண்டார். எழுபதைத் தாண்டியவர். கையில்லாத ஆரஞ்சு கவுன், அதே நிறத்தில் நகப்பூச்சு. யார் என்ன போட்டுக்கொண்டு வந்தாலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் உள்ளே விடமாட்டார்.

"என்ன லோவல், கணுக்காலுக்குக் கீழ ஆட்டக்காரர் மாதிரி இருக்கீங்க, மேல இழவு வீட்டுக்குக் கிளம்பின மாதிரி இருக்கு. எந்தப் பாதியோட நான் ஆடறது?"

எல்லோரும் சிரித்தார்கள். வெயில் பட்டால் தோல் தடித்துப்போகும் என்று லோவல் ஒரு பொய் சொன்னார். அந்த வெர்னாவையே அவருக்கு ஜோடியாகப் போட்டுவிட்டார்கள்.

இப்போது அந்தச் சத்தம்.

காது மடல் கொதித்தது. மட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கதவைப் பார்த்து நடந்துவிடலாம் என்று நினைத்தார். அதற்குள் வெர்னா திரும்பித் தன்னைப் பார்ப்பது தெரிந்தது. இனி இவள் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

வெர்னா மட்டையை உயர்த்தினார்.

"நான்தான். நேத்து பீன்ஸைக் கொஞ்சம் அதிகமாவே தின்னுட்டேன். சர்வைப் போடுங்க கென்டல், இன்னொண்ணு வர்றதுக்குள்ள."

பெஞ்ச் வெடித்தது. கென்டல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று பார்த்து உட்காருங்கள் என்று யாரோ சொன்னார்கள்.

லோவலும் சிரித்தார். தப்பித்த வேகத்தில் மற்றவர்களைவிடச் சத்தமாகவே சிரித்தார். அது போதாதென்று வெர்னாவிடமிருந்து ஓரடி தள்ளி நின்று, மூக்கின் முன்னால் கையை விசிறிக் காட்டினார். பெஞ்ச் மறுபடி சிரித்தது. அவரை அவர்களில் ஒருவராக எடுத்துக்கொண்ட சிரிப்பு.

வெர்னாவும் சிரித்தார்.

ஆட்டம் முடிந்ததும் லோவல் குடிநீர்க் குழாயடிக்குப் போனார். வெர்னா பின்னாலேயே வந்து பாட்டிலைக் குழாயில் பிடித்தார். லோவலின் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் விழும் சத்தத்துக்குள் அடங்கும்படி பேசினார்.

"பை மேல அகலமா ஒரு பெல்ட் கட்டுங்க. சத்தம் பாதி அமுங்கிடும். உங்க கை போன இடத்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். எனக்கு வலது பக்கம்."

குடலில் புற்றுநோய் வந்து அறுத்தெடுத்த பிறகு, லோவலின் வயிற்றில் ஒரு துளை போட்டு, அதன்மேல் பை ஒட்டியிருந்தார்கள். மலம் அதில்தான் இறங்கும். எப்போது இறங்கும், எப்போது சத்தம் போடும் என்று அவருக்கே தெரியாது. அடக்கவும் முடியாது. கார்லினைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. பெற்ற மகன்களிடமும் வேறு ஏதோ அறுவைச் சிகிச்சை என்றுதான் சொல்லியிருந்தார்.

"எனக்கு இடது" என்றார் லோவல்.

வெர்னா தலையாட்டினார். பாட்டிலை மூடிக்கொண்டு, அடுத்த ஆட்டத்துக்கு யார் யார் என்று கத்தியபடியே போனார்.

அவர் பெஞ்சை நெருங்கியதும் ஒருவர் எழுந்து ஓரடி தள்ளி நின்றார். இன்னொருவர் மூக்கின் முன்னால் கையை விசிறினார். லோவல் செய்து காட்டியதுபோலவே.

வெர்னா இடுப்பை வளைத்து எல்லோருக்கும் ஒரு வணக்கம் வைத்தார்.