ஜப்தியில் வந்த மேஸ்திரி

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி தொழிலாளர் சேமநிதிக்குத் தன் பங்கைக் கட்டுவதாகவே இல்லை. சங்கச் செயலாளர் துளசிமணி கேட்கப் போனால், "உக்காரு கண்ணு" என்று காப்பி வரவழைப்பார். குடித்து முடித்ததும், "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று அனுப்பிவிடுவார்.

துளசிமணி வழக்குப் போட்டு ஜெயித்தாள். அப்போதும் பணம் வரவில்லை. கோர்ட்டு அமீனா கம்பெனிக்குள் நுழைந்து, எல்லாரையும் விரட்டி வேலை வாங்கிய, கைகால் வைத்த பேசும் மெஷினான மேஸ்திரியையே ஜப்தி செய்து சங்க ஆபீசில் இறக்கிவிட்டார்.

அவளுக்குக் கொண்டாட்டம். ஒண்ணுக்குப் போனதற்கெல்லாம் அவள் கூலியில் பிடித்த மேஸ்திரியாயிற்றே! கூட்டிப் பெருக்க வைத்தாள், டீ வாங்க விரட்டினாள், கொட்டும் மழையில் கொடி கட்ட ஏற்றினாள். மேஸ்திரி எல்லாவற்றையும் செய்து முடித்தது.

முதல் தேதியன்று அது அவள் மேஜை முன் வந்து நின்றது.

"அம்மணி, வேலை செய்யற மெஷினுக்கும் சேமநிதி கட்டோணும்னு சட்டம் இருக்குதுங்க. மெஷினை வெச்சு ஆளுங்களைக் கழிச்சுக் கட்டக்கூடாதுன்னு நீங்க ஊர்வலம் போய் வாங்கின சட்டந்தானுங்க. இப்ப எனக்கு முதலாளி நீங்க. எப்பக் கட்டுவீங்க?"

துளசிமணி வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு கண்ணு, காப்பி சொல்றேன்."