முள் நிற்கும்வரை

ஏசி மெக்கானிக் இருதயராஜ் ஒரு வீட்டு ஏசியின் செம்புக் குழாயிலிருந்த ஓட்டையைப் பற்றவைத்தார். உள்ளிருந்த காற்றைப் பம்பால் உறிஞ்சி எடுத்தார். பிறகு பம்பை நிறுத்திவிட்டு, அழுத்தம் காட்டும் கேஜின் முன் குத்துக்காலிட்டு அமர்ந்தார். முள் அரைமணி நேரம் அசையாதிருந்தால்தான் ஓட்டை அடைபட்டதென்று பொருள். ஊசிமுனைத் துளை மிச்சமிருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்து முள்ளை மெல்ல ஏற்றிவிடும். அதைக் காத்திருந்துதான் பார்க்க முடியும்.

பத்தாம் நிமிடம் கைப்பேசியில் கம்பெனி ஆப்பின் திரை சிவந்தது. 'வேலை நின்றுள்ளது. காரணம்: தேநீர், கழிப்பறை, சொந்த வேலை.' அவர் எதையும் தொடவில்லை. சூப்பர்வைசர் போனில் அழைத்தார்.

"என்னண்ணே, சும்மா உக்காந்திருக்கீங்க? இதோட ரெண்டு சிவப்பு ஆச்சு. மூணாவது விழுந்தா ஐடி லாக் ஆயிடும், நாளையிலேர்ந்து வேலை வராது. கூலிங் கேஸ அடிச்சிட்டு 'முடிஞ்சது'ன்னு அமுக்குங்க."

"முள்ளு இன்னும் சொல்லலியே தம்பி."

"முள்ளா உங்களுக்குச் சம்பளம் குடுக்குது?"

"இல்ல. ஆனா அது பொய் சொல்லாது. நீங்க லாக் பண்ணிக்குங்க."

இருபத்தெட்டாம் நிமிடம் முள் இம்மியளவு ஏறியது. அதற்கு முன்பே மூன்றாவது சிவப்பு விழுந்து அவருடைய ஐடி பூட்டப்பட்டிருந்தது. இருதயராஜ் எழுந்து வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிட்டார்.

"கொஞ்சம் சோப்புத் தண்ணி கரைச்சுத் தாங்கம்மா. இன்னொரு ஓட்டை இருக்கு, குமிழி வர்ற எடத்த வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். நேரமாகும்."