காரணம் சொல்ல வேண்டிய பட்டை

நான்காவது வரிசையில் ஒரு பட்டை. ஐந்தாவதிலும். இரண்டுமே அங்கே இருக்கக் கூடாதவை.

ஸ்ரீரஞ்சனி பாதுகாப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு தரம் குனிந்து பார்த்தாள். புற ஊதா விளக்கின் மேல், மரபணுத் துண்டுகளைப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல் கிடந்தது. மற்றப் பட்டைகள் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் எரிந்தன. இவை மங்கல்தான். மங்கலாக இருந்து என்ன, இருந்து தொலைத்தனவே.

அடையாறு பஸ் டிப்போவுக்குப் பின்னால், மாடியில் இருந்த அந்த மரபணுப் பரிசோதனை லேபில் அன்றைக்கு அவளுக்குச் செய்முறைத் தேர்வு. எழுத்துத் தேர்வு முடிந்துவிட்டது. மேற்பார்வையில் வேலை பார்க்க வேண்டிய காலமும் முடிந்துவிட்டது. இதில் தேறிவிட்டால் சான்றிதழ் வந்துவிடும். ரிப்போர்ட்டில் அவளே கையெழுத்துப் போடலாம்.

கொடுத்த வேலை சுலபமானது. ஆண்களின் உடம்பில் மட்டுமே இருக்கும் ஒய் குரோமோசோமில் ஒரு துண்டைத் தேட வேண்டும். பெயர் மறைத்த இரண்டு மாதிரிகள். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆணின் ரத்தம். ஒரு பெண்ணின் ரத்தம், இரண்டு ட்யூபில். கடைசியாக வெறும் தண்ணீர்.

பெண் ரத்தத்திலும் தண்ணீரிலும் எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால் ஏன் என்று சொல்ல வேண்டும். காரணம் சொல்ல முடியாத பட்டை ஒன்று இருந்தாலும் ஃபெயில். அப்புறம் அடுத்த வருஷம்தான்.

அந்த லேபில் வேலை பார்ப்பவர்கள் எல்லாருமே பெண்கள். ஒப்பிட ரத்தம் வேண்டுமென்றால் யாரையும் தேடிப் போகமாட்டார்கள். கோட்டுக் கையைச் சுருட்டிவிட்டுத் தங்கள் கையையே நீட்டிவிடுவார்கள். காலையில் ஸ்ரீரஞ்சனியும் தன் கையைத்தான் நீட்டியிருந்தாள். நான்காவதிலும் ஐந்தாவதிலும் இருந்தது அவள் ரத்தம்.

அறையில் இருந்த ஒரே ஆண், பரீட்சை எடுக்க வந்திருந்த டாக்டர் வலியுல்லா. நல்ல மனிதர். ஆனால் வாய் ஓயாது. ஈக்காட்டுத்தாங்கல் டிராஃபிக்கில் ஆரம்பித்து டீயில் சர்க்கரை போதாதது வரைக்கும், காலை முழுக்க அவளுடைய ட்யூபுகளின் தலைமாட்டில் நின்றே பேசித் தீர்த்திருந்தார். முகமூடி தாடைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. ஓர் ஆணின் எச்சில் துளி தெறித்தால் போதும், பட்டை வந்துவிடும். அதைப் பரீட்சை எடுப்பவரிடமே எப்படிச் சொல்வது?

மென்று முழுங்கி, சொல்லிவிட்டாள்.

அவருக்குக் கோபம் வரவில்லை. சிரித்துவிட்டார்.

"நானா இருந்தா தண்ணியிலயும் வந்திருக்கணுமேம்மா. அது சுத்தமா இருக்கே."

இருந்தது. தண்ணீரின் வரிசை ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லாமல் கறுப்பாக இருந்தது. சொல்வதற்கு வேறு காரணம் எதுவும் அவளிடம் இல்லை.

எப்போதாவது ரத்தம் ஏற்றிக்கொண்டது உண்டா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் படித்த ஒரு கட்டுரை அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஆண் பிள்ளையைச் சுமந்த தாயின் ரத்தத்தில், அந்தப் பிள்ளையின் அணுக்கள் கொஞ்சம் வருஷக்கணக்கில் தங்கிவிடுமாம். பிள்ளை வெளியே வந்த பிறகும் போகாதாம்.

"உங்களுக்குப் பையனாம்மா?"

ஆமாம் என்றால் பாஸ். இல்லை என்றால் எங்கோ கை தவறிக் கலந்துவிட்டது என்று அர்த்தம். ஃபெயில்.

ஸ்ரீரஞ்சனி கையுறையைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள்.

மயிலாப்பூரில் அவள் வீட்டில் குழந்தை கிடையாது. ஒரே ஒரு தடவை ஏழாம் மாதம் வரைக்கும் வந்தது. ஜுரத்தில் நினைவு தப்பி, அவள் கண் விழித்தபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது. அவள் புருஷன் பரத்வாஜும் மாமியாரும் எடுத்துப்போய், ஆக வேண்டியதைச் செய்துவிட்டு வந்திருந்தார்கள். நீ பார்க்காமல் இருந்ததே நல்லது, மறந்துவிடு என்றாள் மாமியார். பிள்ளையா பெண்ணா என்று யாரும் சொல்லவில்லை.

அவளும் கேட்கவில்லை. கேட்டால் பரத்வாஜ் உடைந்துபோய்விடுவார் என்று பயம். இன்று கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிப்போட்டே ஆறு வருஷம் ஓடிவிட்டது. தனியாக இருக்கும்போது ஒரு நாள் பெண்ணாக நினைத்துக்கொள்வாள், ஒரு நாள் பிள்ளையாக. இரண்டுக்கும் முகம் வராது.

மறுபடி ஜெல்லைப் பார்த்தாள். நான்காவதில் இருந்தது. ஐந்தாவதிலும் இருந்தது.

அழுகை வந்தது. கூடவே, கொஞ்சமும் வெட்கமில்லாமல், ஒரு சந்தோஷமும் வந்தது.

"ஆமா சார். பையன்."

டாக்டர் வலியுல்லாவுக்குப் பரம திருப்தி. பாஸ் என்று சொல்லிக் கை கொடுத்தார். பொலராய்டு கேமராவை ஜெல்லின் மேல் கவிழ்த்து, ரிப்போர்ட்டில் ஒட்டுவதற்கு ஒரு படம் எடுத்தார். மேல் தாளை உரித்து, ஈரம் காயட்டும் என்று படத்தை விசிறிக்கொண்டே, பையன் எந்த ஸ்கூல், எத்தனையாவது படிக்கிறான் என்று விசாரிக்கத் தொடங்கினார்.

"இன்னொண்ணு எடுத்துத் தாங்கோ சார்," என்றாள் ஸ்ரீரஞ்சனி. "அவன் படம் எங்காத்துல ஒண்ணுகூட இல்லை."