கழிப்பறை கொடுத்த நற்சான்று

வயிற்றுப்போக்கு ஓய்ந்த கையோடு லூர்துசாமிக்குச் சிறுநீரும் நின்றுபோனது. சிறுநீரைச் சோதித்து ஆஸ்பத்திரிக்கு அறிக்கை அனுப்பும் வீட்டுக் கழிப்பறைதான் முதலில் பதறியது: "குடும்பத் தலைவரின் மாதிரி வரவில்லை." நச்சரிப்பு தாங்காமல் மனைவி சகாயமேரி தன் தம்பியை உள்ளே அனுப்பினாள்.

"அத்தானுக்குப் பதிலா ஒண்ணுக்குப் போறதுதான் இனி என் உத்தியோகமாக்கா?"

மூன்றாம் நாள் முகம் வீங்கி, மூச்சு முட்டி, லூர்துசாமி ஆஸ்பத்திரியில் கிடந்தார். அங்கிருந்த மேதகு கணினித் திரையோ, கழிப்பறையின் அறிக்கையைப் பார்த்து அவருடைய சிறுநீரகங்களை மெச்சி, டயாலிசிஸ் தேவையில்லை என்றது.

"டாக்டர், அது என் தம்பியோடது!"

"புரியுதும்மா. பொட்டாசியம் எக்கச்சக்கமா ஏறிட்டு, இப்பவே டயாலிசிஸ் பண்ணணும். ஆனா இவரே புதுசா மாதிரி குடுத்தாத்தான் மெஷின் ஓடும்."

டாக்டர் குனிந்து லூர்துசாமியிடம் கெஞ்சினார்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு சொட்டு. உங்களுக்கு ஒண்ணுக்கு வரலன்னு நிரூபிக்கணும்."