மச்சான் வீட்டுச் சீர்

கிட்ட வந்து உட்காருங்க, இது கொஞ்சம் நாத்தம் பிடிச்ச கதை.

ஒரு காட்டை நடுவிலே ரோடு போட்டு ரெண்டாகக் கிழித்திருந்தார்கள். இந்தப் பக்கத்துத் துண்டில் மொடாவயிறன் என்கிற வாலில்லாக் குரங்கு, பெண்டாட்டி பிள்ளையோடு இருந்தது. அந்தப் பக்கம் அதன் மச்சான் கூட்டம். ஒரு பலாப்பழச் சண்டைக்குப் பிறகு ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

குரங்கு கம்மியாக இருந்தால் இந்தத் துண்டையும் வெட்டிவிடலாம் என்று, தலையை எண்ணிக் கணக்கெடுக்க ஆட்கள் வந்தார்கள். குரங்கு கண்ணில் படவில்லை. அதனால் அது போட்டுவைத்த பீயை வைத்தே கணக்குப் போடலாம் என்று பொறுக்கிப் பையில் போட்டார்கள்.

"இவ்வளவுதானா? மரத்துக்கு மரம் நானே குந்திட்டுப் போறேன். நூறு குரங்குன்னு நினைச்சுக்குவானுங்க" என்று மொடாவயிறன் அத்திப்பழத்தை அள்ளி விழுங்கியது.

கீழே பீ உருட்டிக்கொண்டிருந்த வண்டு சிரித்தது. "அண்ணே, அதுக்குள்ள மரபணுன்னு ஒண்ணு இருக்குதாம். யாரோடதுன்னு காட்டிக் கொடுத்துடுமாம். நூறு இடத்துல குந்தினாலும் நீங்க ஒரே ஆளுதான். பேசாம மச்சானைக் கூப்பிடுங்க."

"அவன் வாசல்ல போய் பீக்குக் கையேந்தச் சொல்றியா? காடு போனாலும் போகட்டும்."

காடு போனால் வண்டுக்குச் சோறு ஏது? அது ரோட்டைத் தாண்டிப் போனது.

மறுநாள் காலையில் மொடாவயிறன் மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டது. "என்னடா இது, இப்படி நாறுது?"

"உங்க மச்சான் வீட்டுச் சீர்தான் அண்ணே" என்ற வண்டு, உருண்டையை ஆட்கள் வரும் தடத்தின் நடுவிலே வைத்துவிட்டு, மாமியாருடையதை உருட்டிவர மறுபடி ரோட்டுப் பக்கம் நடந்தது.