அரண்மனைக்கு இரண்டு ஓட்டு

சோபாவின் வலது மூலையில் அவர், ரிமோட்டைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு. பக்கத்தில் காலை மடித்து அவருடைய தங்கை. கீழே, சோபாவில் முதுகைச் சாய்த்தபடி, போனும் கையுமாக மகன். சமையலறை வாசலை ஒட்டிய முக்காலியில் அவர் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்ட மயக்கம். திரைச்சீலையை இழுத்துவிட்டதில் ஹால் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் இருந்தது.

டிவியில் திரைப்பட விருது விழா.

அந்த வீட்டின் சட்டம் ஒன்றுதான். மேடையில் உறையைப் பிரிப்பதற்குள் ஆளுக்கொரு படத்தைச் சொல்லிவிட வேண்டும். சொன்னதை மாற்றக் கூடாது.

மகன் புள்ளிவிவரம் பார்த்துச் சொல்வான். நாத்தனார், வந்திருப்பவர்களின் உடையைப் பார்த்துச் சொல்வாள். இதுவரை நாத்தனார்தான் முன்னால் இருந்தாள்.

அடுத்து, சிறந்த கலை இயக்கம்.

எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். போட்டியில் இருந்த படங்களில் ஒன்று இந்த வீட்டில் எடுத்தது; இன்னொன்று அரண்மனை செட் போட்டு எடுத்தது.

திரையில் ஓர் அறை வந்தது. கேமரா அவசரமில்லாமல் உள்ளே போயிற்று. ஜன்னலோரம் கட்டில். பிடி உடைந்த கோப்பை நிறையப் பேனாக்கள். நாற்காலி முதுகில் சாம்பல் நிற ஸ்வெட்டர். கதவுக்கு உள்பக்கம், ஒன்று நேராகவும் ஒன்று கவிழ்ந்தும் ஒரு ஜோடிச் செருப்பு.

மனைவி அந்த அறைக்குள் போய் இரண்டு வருடமாகிறது. இப்போது முக்காலியில் இருந்தபடியே போய்க்கொண்டிருந்தாள். மகளின் தலைமுடி வாசனைகூட வந்தது. டிவியில் வாசனை வராது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் வந்தது.

அப்பா அலைந்து வாங்கிக் கொடுத்த வேலையை மகள் ஒரு காலையில் விட்டுவிட்டு வந்து, வெளியூர் போகிறேன் என்று நின்றாள். போறதுன்னா ஒரேடியா போயிடு என்றார் அவர். போய்விட்டாள். அன்றே அறையைப் பூட்டினார். பெற்றவளுக்குக்கூடத் திறந்துவிடவில்லை.

ஆனால் படம் எடுக்கிறவர்கள் வந்து கேட்டபோது மறுபேச்சில்லாமல் திறந்துவிட்டார். படப்பிடிப்பு முடியும்வரை மற்றவர்களை மகன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தான் மட்டும் இங்கேயே தங்கிக்கொண்டார். அதை மனைவியால் இன்னும் விழுங்க முடியவில்லை.

படத்தில் அந்த அறைக்காரி செத்துப்போனவள். அதனாலேயே மனைவி தியேட்டர் பக்கம் போகவில்லை.

"நம்ம வீடுதான். இதுல என்ன யோசனை?" என்றாள் நாத்தனார்.

மகனும் அதையே சொன்னான்.

"அரண்மனைப் படம்" என்றார் அவர்.

"சொந்த வீட்டுக்கே ஓட்டுப் போடாத மனுஷன இன்னிக்குத்தான் பாக்கறேன். அண்ணி, நீங்க?"

"அரண்மனை."

கல்யாணமான நாளிலிருந்து இருவரும் ஒரே படத்தைச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவளுக்கு அது கசந்தது. செத்தவளின் அறை என்று சொல்லி ஊரே கைதட்டிவிட்டால், பிறகு எந்த முகத்தோடு அந்தப் பெண் அதற்குள் திரும்பி வருவாள்? அவள் கவலை அது. அவருடையது வெறும் வீம்பு.

உறை பிரிந்தது. அரண்மனை தோற்றது.

கலை இயக்குநர், ஒல்லியான ஒரு பெண், மேடையேறினாள். அந்த அறையை நான் அமைக்கவே இல்லை என்று தொடங்கினாள்.

அவர் டிவியின் சத்தத்தை நிறுத்தினார். உதடுகள் மட்டும் அசைந்தன, தொட்டி மீனுக்குப்போல.

"என்னண்ணா இது, அவ பேசறத கேக்க விடேன்."

அவர் அசையவில்லை. அந்தப் பேச்சு மகனின் போனில் எழுத்தாக வந்துகொண்டிருந்தது. அவன் வாய்விட்டுப் படித்தான்.

"வீட்டுக்காரர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். என்ன வேண்டுமானாலும் எடுங்கள், அந்தச் செருப்பை மட்டும் நகர்த்தாதீர்கள், வந்தால் தேடுவாள் என்றார். தினமும் நாங்கள் போனபின் அவரே ஒவ்வொன்றாகத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைப்பார். எதையும் தொடாமல் இருந்தேன். நான் செய்த வேலை அவ்வளவுதான்."



அவர் கண் டிவியில் இருந்தது. காது மட்டும் சிவந்திருந்தது.

அரண்மனைக்கு விழுந்தது ஒரே ஓட்டுதான் என்று மனைவிக்குப் புரிந்தது. இருவருமாகச் சேர்ந்து போட்டது.

சத்தமில்லாமலே விழா நகர்ந்தது. கடைசியாக, சிறந்த படம். மேடையில் ஒருவர் உறைக்குள் விரலை விட்டார். இங்கே அவர் டிவியை அணைத்தார்.

"அப்பா, இதுதான் மெயினே."

"இருக்கட்டும். போனக் கவுத்து வை."

பிறகு மனைவியைப் பார்க்காமல், "அவ விலாசத்த எங்க வச்சிருக்க?" என்றார்.

இருக்கிறதா என்று கேட்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினார். தேதி போட்டார். நலம், நலமறிய அவா. போட்டியில் இருக்கும் படங்களை வரிசையாக எழுதினார். எழுதி முடித்ததும் காகிதத்தை மனைவி பக்கம் தள்ளினார்.

"சிறந்த படம் எது என்று இங்கே யாரும் பார்க்கவில்லை. நீ சொல்லாமல் பார்ப்பதாகவும் இல்லை. உன் கணிப்பைத் தெரிவிக்கவும். தபாலில் சொன்னாலும் சரி, நேரில் சொன்னாலும் சரி."

அவள் மூன்று தடவை படித்தாள். சேர்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

"பதில் வர்ற வரைக்கும் நான் பக்கத்து வீட்டுக்காரிகூடப் பேசக் கூடாதா?" என்றாள் நாத்தனார். "அவ வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டாளே."

"பேசாத" என்றார் அவர்.

மனைவி உறையை ஒட்டி, ஓரங்களை நகத்தால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்தாள்.

வழியில் யாராவது முடிவைச் சொல்லித் தொலைத்துவிடப் போகிறார்கள் என்று, மகன் இரண்டு காதிலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தெருமுனைத் தபால் பெட்டிக்கு அதை எடுத்துப் போனான்.