ராணியின் வீட்டுக்காரர்

"நல்லாத் தூங்கினீங்களா? கொஞ்சம் திரும்புங்க, எலுமிச்சைச் சாறு தேய்ச்சு விடறேன்."

பூட்டிய கதவுக்கு உள்ளே ராணி சுலாஸ்த்ரியின் குரல் குழைந்தது. வெளியே முற்றத்து வெயிலில் நின்ற மன்னர் பிரணோதோவுக்கு ரத்தம் கொதித்தது. கல்யாணமாகி இரண்டு மாதமாகியும் அவரை அவள் அறைக்குள் விட்டதில்லை.

இரண்டு நாட்டு அமைச்சர்கள் பேசி முடித்த சம்பந்தம்தான். ஆனால் ஜாவாவில் அவர் அரண்மனைக்கு அவள் வந்து இறங்கிய அன்றே மன்னர் மனதைப் பறிகொடுத்துவிட்டார். மல்லிகை அனுப்பினார், கமலான் வாத்தியக்காரர்களை அனுப்பினார். மல்லிகை மட்டும் உள்ளே போனது.

அவர் கை இடுப்பின் பின்பக்கம் போய், ஒரு நாளும் உடம்பைவிட்டுப் பிரியாத பரம்பரைக் கிரிஸ் கத்தியின் தங்கப் பிடியைப் பற்றியது. அருகே அவருக்குக் குடை பிடித்திருந்த வேலையாள் பொனிமின் ஓரடி பின்வாங்கினான்.

"உள்ளே யாரு?"

"என் புருஷன்."

மன்னர் தோளால் இடித்துக் கதவைத் திறந்தார். பட்டு மெத்தையில், மல்லிகைச் சரத்துக்கு நடுவே ஒரு கிரிஸ் கத்தி படுத்திருந்தது. வேறு யாரும் இல்லை.

மன்னர் அசடு வழிந்தார். பயணத்துக்கு அலுத்துக்கொண்டு, ராணியின் ஊரில் நடந்த கல்யாணத்துக்குத் தனக்குப் பதிலாகக் கத்தியை மாப்பிள்ளையாக அனுப்பி வைத்தவர் அவர்தான். கத்தியை மணந்தால் அதன் சொந்தக்காரரை மணந்ததாகக் கணக்கு; வழக்கத்தில் உள்ளதுதான், ஆனால் தாழ்ந்த குடும்பத்துப் பெண்ணென்றால் செய்வது. தோழிகள் சிரித்த சிரிப்பை அவள் இன்னும் மறக்கவில்லை.

"உங்க உயிரே இதுலதான் இருக்குன்னு சொல்லி அனுப்பினீங்க. நானும் இதோடயே குடும்பம் நடத்தறேன். கோபம் கிடையாது, குறட்டை கிடையாது. நடுவுல நீங்க எதுக்கு?"

போயும் போயும் ஒரு இரும்புத் துண்டிடம் தோற்பதா? அதன் மவுசைக் குறைத்துவிட்டால் அவள் தன் பக்கம் வந்துவிடுவாள் என்று மன்னருக்குத் தோன்றியது.

"அது என் கத்தியே இல்ல, சுலாஸ்த்ரி. பரம்பரைச் சொத்தை வழியில எவனாவது பறிச்சுட்டா? அதான், கைக்குக் கிடைச்சதைக் கொடுத்து அனுப்பினேன்."

ராணி மெத்தையிலிருந்த கத்தியைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, அது யாருடையது என்று கேட்டாள்.

மன்னரின் கண் வாசல் பக்கம் போனது. அங்கே குடை லேசாகச் சாய்ந்தது.

"என்னோடதுங்கம்மா," என்றான் பொனிமின், தரையைப் பார்த்தபடி.

சுலாஸ்த்ரி எழுந்து கூந்தலைச் சரிசெய்துகொண்டாள். மன்னரைத் தாண்டி வெளியே வந்து, பொனிமினின் முன்னால் மண்டியிட்டுக் கைகூப்பினாள்.

"வெயில்ல ஏன் நிக்கிறீங்க? உள்ளே வாங்க."